கருஞ்சீரகம் தூவிய ரொட்டி

எங்கள் ஊரில் அந்த ரொட்டியைப் புகழ்கிறவர்கள் மேலே தூவிய கருஞ்சீரகத்தில்தான் தொடங்குவார்கள். அதை முதலில் தூவிய அம்மாள் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார். அவர் அந்த ரொட்டியைத் தொடுவதில்லை.

தோல் தொழிற்சாலை கேன்டீனில் பத்தொன்பது வருடம் சமைத்தவர். இரண்டு ரொட்டித் துண்டுகள், நடுவே வதக்கிய இறைச்சி, மேலே உருக்கிய வெண்ணெய். சமையலறை ஜன்னலை ஒட்டி, உரித்த தோல்கள் உப்பில் குவிந்து கிடக்கும். ஜன்னல் வலை கிழிந்திருந்தது. வெண்ணெயில் உட்கார்ந்த ஈ எழுந்திருக்காது. பொறுக்கி மாளவில்லை, அரை மணிக்குள் முன்னூறு பேர் சாப்பிட்டாக வேண்டும்.

"வலை மாத்திக் குடுங்கய்யா" என்று கேன்டீன் ஒப்பந்தக்காரரிடம் கேட்டார்.

"வலை எதுக்கு? கருஞ்சீரகம் தர்றேன், தூவு. கறுப்போட கறுப்பு. எவன் எண்ணப் போறான்?"

தூவினார். ஒரு வாரம் கழித்து ஒரு தொழிலாளி, "என்னக்கா, இன்னிக்குச் சீரகம் கம்மி? வீட்டுக்குக் கொண்டு போயிட்டீங்களா?" என்று கேலி செய்தான். அன்றும் தூவியது வழக்கமான அளவுதான், ஈக்கள்தான் குறைவு. மறுநாளும் தூவினார். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன், அவரும் நியாயப்படுத்துவதில்லை.

தொழிற்சாலை மூடிய பிறகு, ஒப்பந்தக்காரரின் மகன் அதே ரொட்டிக்குக் கடை போட்டார். வாசலில் எப்போதும் வரிசை. அம்மாளின் மகளுக்கு அங்கே பில் போடும் வேலை. வீடு ஓடுவது அதில்தான். போன மாதம் முதலாளி அம்மாளைக் கடைக்கு அழைத்தார்.

"'இது எங்கம்மா எனக்குச் சொல்லிக் குடுத்த பக்குவம்'னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, வீடியோ எடுக்கறோம். உங்க பொண்ணு இங்கதானே இருக்கா..."

மகளுக்காக அம்மாள் அப்படியே ஒப்பித்தார்.

"இப்ப ஒரு கடி கடிங்க."

அம்மாள் ரொட்டியைக் கண்ணருகே கொண்டுபோனார். நகத்தால் கருஞ்சீரகத்தை ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினார்.

"என்னம்மா பண்றீங்க? அதுதானே ருசியே!"

"காலு இருக்கான்னு பாக்கறேன், தம்பி."

முதலாளி சிரித்தார். அம்மாள் சிரிக்கவில்லை. "உங்கப்பா கடைசிவரைக்கும் வலை வாங்கித் தரல. ஈயை மறைக்கத்தான் இதைத் தூவினேன்" என்றார். பக்கத்து மேஜையில் ஒருவர் மென்றதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலையே மகளுக்கு வேலை போயிற்று. வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"முன்னூறு பேரு தின்னப்போ வராத அருவருப்பு, நீ ஒரு கடி கடிக்கணும்னதும் வந்துடுச்சாம்மா?"