பட்டிபுலத்தில் நின்ற சிவப்பு வண்டி

பிரிசில்லாவைப் பெண் பார்க்க ஏழு பேர் வந்தார்கள். ஏழாவதாக வந்த சாமைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். மற்ற ஆறு பேரையும் குறை சொல்வதற்கில்லை. என்ன வேலை என்று கேட்பார்கள், அவள் சொல்ல ஆரம்பித்ததும் மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் அவளுக்கு வேலை, பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில். டிப்ளமோ முடித்துச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. அப்பா ஏசுபாதம் சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டியவர். அம்மா சந்திரம்மா ஊரார் வயல்களில் நடவு நட்டவர். கழுத்தில் அடையாள அட்டையோடு அந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போன முதல் ஆள் பிரிசில்லா. பம்பு ஓடுகிற சத்தம் லேசாக மாறினாலும் சோற்றில் வைத்த கையை உதறிவிட்டு எழுந்து ஓடுவாள்.

சாம் சிங்கப்பெருமாள் கோயிலில் மருந்துக் கடை வைத்திருப்பவன். பெண் பார்க்க வந்த அன்று அரை மணி நேரம் அவள் பேசியதைக் கேட்டுவிட்டு, "அப்ப எடுத்த உப்பெல்லாம் எங்கங்க போவுது?" என்றான். பிரிசில்லா நேராக அடுப்படிக்குப் போய், "இவரையே பேசி முடிச்சுடும்மா" என்றாள்.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை நெம்மேலி தேவாலயத்தில் கல்யாணம். விருந்து மாமல்லபுரத்தில் ஒரு மண்டபத்தில். பிரிசில்லா வெள்ளைப் பட்டுச் சேலையும் தலையில் வலையுமாக வெளியே வந்தபோது வாசலில் கூரையில்லாத சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று ரோஜா மாலையோடு நின்றது. சாம் யாருக்கும் சொல்லாமல் செய்த ஏற்பாடு. வண்டிக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல். கல்யாண ஊர்வலத்துக்கும் கடற்கரைப் படப்பிடிப்புக்கும் அதை வாடகைக்கு விடும் கலையரசனே ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். பின்னிருக்கையில் இரண்டு பேர் இடித்துக்கொண்டுதான் உட்கார முடியும். இருவருக்கும் அதில் வருத்தமில்லை.

ஊருக்குள் பிள்ளைகள் கத்திக்கொண்டே கூட ஓட, வண்டி ஆடி அசைந்து போனது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறியதும் கலையரசன் வேகம் பிடித்தான். வலை பறந்தது. சாம் அதைப் பிடிக்கப் போய்த் தன் பூச்செண்டைப் பறக்கவிட்டான். இருவரும் சிரித்த சிரிப்பு அடங்குவதற்குள், பட்டிபுலம் தாண்டும் இடத்தில் முன்மூடியிலிருந்து புஸ்ஸென்று வெள்ளைப் புகை எழுந்தது. கலையரசன் ஓரம் கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான்.

"சாரி சார். சாரி மேடம். மூணு மாசமா இதே பேஜாரு. போன வாரம் ஒரு கல்யாணப் பொண்ணு ஷேர் ஆட்டோவுல ஏறிப் போச்சு."

முன்மூடியைத் திறந்து அவன் ரேடியேட்டர் மூடிப் பக்கம் கையை நீட்டினான். "அண்ணாத்த, கைய எடு!" என்று பிரிசில்லா போட்ட சத்தத்தில் சாமே திடுக்கிட்டான். "இப்ப மூடியத் தொறந்தா கொதிதண்ணி மூஞ்சில அடிக்கும். ஆறட்டும்."

எதிரே தனகோடி என்பவரின் இளநீர்க் கடை இருந்தது. அந்தக் குடை நிழலில் மூவரும் இளநீர் குடித்தார்கள்.

"ஊருக்குள்ள மெதுவா போறப்ப சூடாவுதா, ரோட்ல பறக்கறப்ப சூடாவுதா?" என்று பிரிசில்லா கேட்டாள்.

"பறந்தாத்தான் மேடம். டிராஃபிக்ல ஒரு மணி நேரம் நின்னாலும் ஜில்லுனு கீது. அறுபதத் தாண்டி பத்து நிமிசம் போனா சூடு காட்டுற முள்ளு ஏறிக்கினே போவுது."

"இன்னா இன்னா மாத்துன?"

"மூடி, தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் கிளீனிங். வாட்டர் பம்பே புச்சு. நாலு மெக்கானிக் பாத்துட்டான். ஷாப்புல நிக்க வெச்சு ஓட்டுனா ஒண்ணுமே இல்லன்றான்."

பிரிசில்லா இளநீரைக் கீழே வைத்தாள். ரேடியேட்டருக்குக் காற்றடிக்கும் ஃபேனில் கோளாறு என்றால் நின்றுகொண்டிருக்கும்போதுதான் சூடு ஏறும். வேகமாகப் போகும்போது காற்றே போதும். இது தலைகீழாக இருக்கிறது. அப்படியானால் எஞ்சின் வேகமாகச் சுழலும்போது தண்ணீரின் ஓட்டம் எங்கோ நிற்கிறது. நிற்க வைத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

முக்கால் மணி நேரம் கழித்துத் துணி போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினார்கள். அவ்வப்போது நிற்கும் வண்டி என்பதால் கலையரசன் ஆறு கேன் தண்ணீர் வைத்திருந்தான். பிரிசில்லா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தரையில் விரித்த சாமின் கோட்டின் மேல் மண்டியிட்டு, எஞ்சினுக்குக் கீழ்ப்பக்கம் பார்த்தாள்.

"சாம், ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க. சூடு ஏறினதும் நல்லா மிதிங்க."

எஞ்சின் உறுமியது. ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் தடித்த ரப்பர் குழாய் மெல்ல ஒடுங்கி, அப்பளமாகத் தட்டையாகிவிட்டது. காலை எடுத்ததும் பழையபடி உப்பியது.

"இன்னொரு தடவ!" என்று கத்தினாள். மறுபடியும் தட்டையானது. அவள் கைதட்டினாள். "அண்ணாத்த, இங்க வந்து பாரு! பம்பு வேகமா உறிஞ்சுதா, கொழாய் சப்பிப் போவுது. அப்பறம் எப்பிடித் தண்ணி போவும்?"

கலையரசன் குனிந்து பார்த்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. "அட நாலு மெக்கானிக்கு..." என்றான்.

வண்டியை அணைத்து, ஆறவிட்டு, குழாயைக் கழற்றினார்கள். உள்ளிருந்து துருத் துகள்களோடு விரலளவுக் கம்பித் துண்டு ஒன்று விழுந்தது. குழாய் ஒடுங்காமல் உள்ளே தாங்கிப் பிடித்திருந்த சுருள் கம்பி துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்தது. பிரிசில்லா கேட்டதும் தனகோடி இளநீர்க் குலைகளைத் தொங்கவிட்டிருந்த தடிக் கம்பியை அவிழ்த்துக் கொடுத்தார். சாமும் கலையரசனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குடைக் கம்பில் அதைச் சுருளாகச் சுற்றினார்கள். சுருளைக் குழாய்க்குள் திருகி இறக்கி மாட்டி, தண்ணீர் நிரப்பி, குமிழி வருவது நிற்கும்வரை மூடியைத் திறந்தே வைத்து ஓடவிட்டாள்.

அதற்குள், மண்டபத்தில் காத்திருந்து பொறுக்காத சந்திரம்மா வேன் எடுத்துக்கொண்டு தேடி வந்துவிட்டார். "அடிப்பாவி, இன்னாடி இது கோலம்? அங்க பிரியாணி ஆறிகினு கீது!"

"ரெண்டே நிமிசம்மா. மிதிங்க சாம்!"

சாம் மிதித்தான். குழாய் அசையவில்லை. தனகோடி விசிலடித்தார்.

"அண்ணாத்த, இது இன்னிக்கித்தான் தாங்கும். நாளைக்கே உள்ள சுருள் வெச்ச புதுக் கொழாய் வாங்கிப் போட்டுடு" என்று சொல்லிவிட்டுப் பிரிசில்லா ஏறி உட்கார்ந்தாள். மாமல்லபுரம் வரை கலையரசன் முள்ளைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். முள் நடுவைத் தாண்டவேயில்லை.

வெள்ளைச் சேலையில் முழங்கால் வரை கருப்பு. சாமின் கோட்டை யாரும் எதற்கும் பயன்படுத்த முடியாது. மேடையில் நின்ற மூன்று மணி நேரமும் வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் சாம்தான் கதை சொன்னான். ஒவ்வொரு தடவையும் குழாய் தட்டையாகும் இடத்தில் தன் கன்னங்களை உள்ளே இழுத்துக் காட்டினான். பிரிசில்லாவுக்கு எட்டாவது தடவைக்கு மேல் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, புதுக் குழாய் போட்ட வண்டியைக் கலையரசன் அவர்கள் வீட்டு வாசலில் கொண்டு வந்து நிறுத்தி, சாவியை அவள் கையில் கொடுத்தான். "சாயங்காலம் வரிக்கும் உங்களுதுதான் மேடம். எங்க வேண்ணா போங்க."

பிரிசில்லா ஓட்டினாள். திருவிடந்தை வரை போய்க் கோயில் குளத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினார்கள். திருவிடந்தையையும் விட்டுக் கோவளம் தாண்டும்போது சாம், "திரும்பணுமே" என்றான். "இன்னும் கொஞ்சம்" என்றாள் அவள்.