பன்னிரண்டு ஆம்ப்யூல் அட்ரோபின்

எண்பதுகளின் கடைசியில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் எனக்கு முதல் வேலை. மாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் போய்க் கம்பவுண்டருக்குத்தான் வணக்கம் வைப்பார்கள். பொம்பளை டாக்டருக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்பு. நானும் கெட்டிக்காரி என்று காட்ட ஒரு வாய்ப்புக்காகவே காத்துக்கொண்டிருந்தேன்.

சித்திரை மாதம். காலையில் பக்கத்து ஊரான நூம்பலிலிருந்து ஒரு பால்காரர் சைக்கிளில் வந்தார்.

"டாக்டரம்மா, சீக்கிரம் வாங்க. மாடு எச்சியா ஊத்துது, நிக்க முடியாம ஆடிக்கினு கீது."

கம்பவுண்டரோடு போனேன். கன்று போட்டு ஒரு மாதமான கலப்பினப் பசு. வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. கழிச்சல் நிற்கவில்லை. தோலுக்கடியில் தசைகள் துடித்தன. டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்மணி மெல்லிய கோடாகச் சுருங்கிக் கிடந்தது.

"பூச்சி மருந்து ஏதாவது பட்டுதா?"

"உண்ணி ரொம்ப இருந்திச்சு. வயலுக்கு அடிக்கிற மருந்த தடவச் சொன்னேன். இவதான் காலைல தடவுனா" என்று மனைவியைக் காட்டினார். என் வயதுதான் இருக்கும். கொட்டகை மூங்கிலைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

எச்சில், கண்ணீர், வியர்வை, குடல், மூச்சு என்று நாம் நினைக்காமலே உடம்பு தானாக நடத்திக்கொள்கிற வேலைகளை அந்த விஷம் வெறிபிடித்து ஓடவைக்கும். கடைசியில் நுரையீரல் நீரில் மூழ்கிவிடும். அதை அடக்குகிற மருந்து அட்ரோபின். என் பையில் ஆறு ஆம்ப்யூல்தான் இருந்தது. அதுவும் மனிதர்களுக்கான சின்னக் கண்ணாடிக் குப்பிகள். ஒரு பசுவுக்குக் குறைந்தது நூறு வேண்டும்.

ஆறையும் போட்டுவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். "வேலப்பன்சாவடி, பூந்தமல்லி, எந்தக் கடையில இருந்தாலும் எல்லாத்தையும் வாங்கிட்டு வாங்க."

பால்காரர் பை நிறைய வாங்கி வந்தார். கம்பவுண்டர் ஒவ்வொன்றாகக் கழுத்தை உடைக்க, நான் உறிஞ்சி உறிஞ்சி ஏற்றினேன். கொஞ்சம் நரம்பில், மிச்சம் தோலுக்கடியில். அதற்கு நடுவே அந்தப் பெண் ஏதோ சொன்னாள்.

"தல சுத்துதும்மா. வாந்தி வர்ற மாறி கீது."

"வெயில்ல நிக்காதீங்க, உள்ள போய் உக்காருங்க" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அரை மணி நேரத்தில் பசுவின் வாய் உலர்ந்தது. கண்மணி விரிந்தது. பால்காரர் என்னைக் கும்பிட்டார். வேகம் குறைந்ததும் மறுபடி போடவேண்டியிருக்கும் என்று மிச்சமிருந்த பன்னிரண்டு ஆம்ப்யூலைப் பையில் எடுத்து வைத்தேன். அவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு.

உள்ளே பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், அவள் தரையில் கிடந்தாள். புடவை வியர்வையில் நனைந்திருந்தது. கடைவாயில் எச்சில். இமையைத் தூக்கினேன். கண்மணி கடுகைவிடச் சின்னதாக இருந்தது. வெறுங்கையால் தடவியிருக்கிறாள். பசுவின் கண்ணை அதுவரை நான்கு முறை பார்த்திருந்தேன். பக்கத்தில் நின்றவளின் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அக்கம்பக்கத்துப் பெண்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் புடவை மாற்றினார்கள். ஆட்டோவில் வேலப்பன்சாவடியில் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்ததுமே பக்கத்து மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பினார். போனவர் வெறுங்கையோடு திரும்பினார்.

"அட்ரோபின் எல்லாத்தையும் மாட்டுக்குன்னு ஒருத்தர் வாங்கினு பூட்டாராம் சார்."

நான் பையிலிருந்து பன்னிரண்டையும் எடுத்து நீட்டினேன். பால்காரர் என் கையைப் பார்த்தார்.

"அது மாட்டுக்கு வெச்சது ஆச்சேம்மா? இவளுக்குத்தான் பெரியாஸ்பத்திரில போடுவாங்களே?"

டாக்டர் பன்னிரண்டையும் வாங்கி அவளுக்கு ஏற்றிவிட்டு, ஒரு வேன் பிடித்து அவளை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

மத்தியானம் பசுவுக்கு மறுபடி எச்சில் ஊற்ற ஆரம்பித்தது. கம்பவுண்டர் அம்பத்தூர் வரை அலைந்து மருந்தோடு வருவதற்குள் செத்துவிட்டது. மாத அறிக்கையில் 'பூச்சிமருந்து நஞ்சு, கறவைப் பசு ஒன்று இறப்பு' என்று எழுதினேன். மனிதர்களைப் பற்றி எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. இல்லாதது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து அவள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டுப் போனேன். இளைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கொட்டகையில் கன்று மட்டும். கணவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார்.

"எப்படி இருக்கீங்க?" என்றேன்.

"கீறேன்மா." கொட்டகைப் பக்கம் பார்த்தாள். "சோறு போட்டா, உனக்காவ மாடு பூட்ச்சின்னு தட்ட தள்றாரு. தெனமும் இதே பேச்சு. அந்த ஊசிய மாட்டுக்கே போட்டிருக்கலாம் டாக்டரம்மா."

அவள் அழவில்லை. எனக்கும் அழத் தைரியம் வரவில்லை. தலை சுற்றுகிறது என்று நீங்கள் சொன்னபோது நான் திரும்பியிருக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. கன்றுக்குக் குடற்புழு மருந்து கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். அதன் பிறகு நூம்பலிலிருந்து யார் கூப்பிட்டாலும் கம்பவுண்டரையே அனுப்பினேன். அடுத்த வருடம் ஆவடிப் பக்கம் மாற்றல் கிடைத்தது. நானே கேட்டு வாங்கியதுதான்.