டாக்டர் கமலவேணியும் அவர் சுமந்த துப்பாக்கியும்

தந்தி காலை எட்டு மணிக்கு வந்தது. கத்தரிகளையும் ஊசிகளையும் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தேன். எப்போதும் நேராக உள்ளே வந்துவிடும் தபால்காரர் அன்று வாசற்படியிலேயே நின்றார். "நீங்களே படிச்சிக்குங்க சிஸ்டர்" என்று காகிதத்தை நீட்டினார். டாக்டர் கமலவேணி அம்மாள் வேலூர் ஆஸ்பத்திரியில் முந்தின நாள் மாலை காலமாகிவிட்டார்.

பகலுக்குள் கடைத்தெருவில் மூன்று பேர் என்னைக் கேட்டார்கள்: "யாரு சுட்டாங்க?" யாரும் சுடவில்லை. சிறுநீரகம் கெட்டு, கால் வீங்கி, இரண்டு மாதம் படுக்கையில் கிடந்து போனார். ஆனால் அந்தக் கேள்வி ஏன் எழுந்தது என்பது எனக்குத் தெரியும். திருத்தணியில் அவரை அறிந்தவர்கள் எல்லோருக்கும் அவர் இடுப்பில் துப்பாக்கி இருந்தது தெரியும். கண்ணால் பார்த்தவர்கள்தான் மிகக் குறைவு. அதைப் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. எங்கள் பிரசவ ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் அவருக்கு நர்ஸாக இருந்தவள் நான். பார்த்ததை எழுதுவது என் கடமை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கல்யாணமாகி ஆறு மாதமான ஒரு பெண்ணைப் பிணமாக வண்டியில் கொண்டுவந்தார்கள். பாம்பு கடித்தது என்று சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். பெரிய நிலக்காரர் வீடு. டாக்டரம்மா கழுத்தைப் பார்த்தார். விரல் தடங்களைப் பார்த்தார். பார்த்ததை எழுதினார். சித்தூர் கோர்ட்டில் கூண்டேறி அதையே சொன்னார். புருஷன் ஜெயிலுக்குப் போனான். அவனுடைய அண்ணன் கோர்ட்டு வாசலில் எங்களைத் தாண்டிப் போகும்போது, "தனியா வண்டியில போற பொம்பள நீ, ஞாபகம் வச்சிக்க" என்றான்.

அடுத்த மாதமே கனகம்மாசத்திரம் ரோட்டில் இரண்டு பேர் ஜட்கா வண்டியை நிறுத்தி அவரைக் கீழே இழுத்தார்கள். இடது முன்கை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. வண்டிக்காரர் காதர் பாய் சாட்டையை வீசிக் கத்தியதால் உயிர் மிஞ்சியது. முகத்தில் துணி கட்டியிருந்தார்கள் என்பதால் வழக்கு நிற்கவில்லை.

முறிந்த கை கூடியதும் துப்பாக்கி லைசென்சுக்கு எழுதிப்போட்டார். வந்ததும் பட்டணத்துக்குப் போய் வாங்கினார். நானும் கூடப் போனேன். கடைக்காரர் முதலில் உள்ளங்கையில் அடங்கும் ஒன்றைக் காட்டினார். பெண்களுக்கு அதுதான் தோது என்றார். பிறகு, ராணுவத்தார் தொங்கவிடும் பெரியதைக் காட்டினார். டாக்டரம்மா இரண்டையும் தூக்கிப் பார்த்துவிட்டு, "சின்னது என் கையில நிக்காது, பெரிசு என் இடுப்புல நிக்காது. நடுவுல இருக்கிறத எடுங்க" என்றார். ஆறு குண்டு போடும் பாயிண்ட் முப்பத்தெட்டு ரிவால்வர். அரை வீசைக்கு மேல் எடை.

முதலில் மருந்துப் பையில்தான் வைத்தார். ஒரே வாரத்தில் அது சரிப்படாது என்று தெரிந்தது. எந்த ஊருக்குப் போனாலும் வண்டியை விட்டு இறங்கும்போதே யாராவது ஓடிவந்து பையை வாங்கிக்கொள்வார்கள். மரியாதைக்குச் செய்வது, மறுக்க முடியாது. குதிரைச் சேணம் தைப்பவரிடம் சொல்லி அகலமான தோல் பட்டையும் உறையும் தைத்துக்கொண்டார். வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், உள்பாவாடைக்கு மேலே பட்டை. குண்டுகள் அடங்கும் உருளை புடைத்துத் தெரியாமல் இருக்க, முந்தானையைச் சுற்றி அந்தப் பக்கமே கொண்டுவந்து செருகுவார். குனிந்து நோயாளியைப் பார்க்கும்போது அது விலாவில் குத்தும். சித்திரை வெயிலில் தோல் நனைந்து, இடுப்பில் கொப்புளம் கிளம்பும். நான்தான் களிம்பு போட்டுவிடுவேன். வியர்வையில் இரும்பு துருப்பிடிக்கும் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணெய் போட்டுத் துடைப்பார். ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தைகளுக்கு எப்போதும் இடது பக்கத்தையே கொடுப்பார். ஆஸ்பத்திரிக்குள் வந்ததும் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் போட்டுக்கொள்வார்.

கிருத்திகை அன்று மட்டும் துப்பாக்கி அலமாரியை விட்டு வெளியே வராது. மலைமேல் தோல் கொண்டு போகக் கூடாது. முன்னூற்று அறுபத்தைந்து படியையும் வெறும் இடுப்போடு ஏறுவார். "இன்னைக்கு உடம்பு என்னுதா இருக்குது" என்று ஒருமுறை சொன்னார். மூச்சு வாங்க நின்ற இடத்தில், காவடிக் கூட்டத்துக்கு நடுவில் அவர் சிரித்து நான் பார்த்தேன். மற்ற நாளில் ரோட்டில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

இனி எழுதுவதைத்தான் எழுத வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவர் இருந்தால் எழுதச் சொல்லியிருப்பார்.

ஐப்பசி மாதம், பகல் மூன்று மணி இருக்கும். அம்மையார்குப்பத்துக்கு அப்பால் ஒரு பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை விட்டுக் காற்று அடித்தது. ரோட்டில் வேறு வண்டி இல்லை. காதர் பாய் திரும்பிப் பார்த்து, "அம்மா, எவனோ பின்னால ஓடியாறான். கையில கம்பு வச்சிகினு இருக்கான்" என்றார். அவன் ஏதோ கத்தினான். குதிரைச் சலங்கையிலும் காற்றிலும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. டாக்டரம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். முந்தானை விலகியது. ரிவால்வர் அவர் கையில் இருந்தது.

"நில்லு!"

அவனுக்கும் எங்களுக்கும் இருபது அடி இருக்கும். அந்த முகம் எனக்கு இன்னும் தெரிகிறது. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. கோலைப் போட்டான். அப்படியே திரும்பிச் சோளக்கொல்லைக்குள் விழுந்து ஓடினான்.

குண்டு வெடிக்கவில்லை. "போலாம்" என்றார் டாக்டரம்மா. அரை மைல் போனதும், "எங்கயாவது நிறுத்துங்க பாய்" என்றார். காதர் பாய் ஒரு கிணற்றடியில் வண்டியை நிறுத்திக் குதிரைக்குத் தண்ணீர் காட்டினார். நாங்கள் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் இன்னொருவன் வந்தான். சைக்கிளைத் தொலைவிலேயே சாய்த்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்து வந்தான்.

"அம்மா, சுட்டுடாதீங்க. எங்க அக்காவுக்கு நேத்திலேர்ந்து வலி. புள்ள கை மட்டும் வெளியே வந்துகினு இருக்குது. நீங்க ரோட்டுல போறீங்கனு கேட்டுத்தான் எங்க பாவா, அக்கா புருஷன், தறியிலேர்ந்து எழுந்து அப்படியே ஓடியாந்தாரு. நாய்க்கு எடுத்த கோலுங்க அது."

அவன் கையை இறக்கவே இல்லை. டாக்டரம்மா போய் அவன் இரண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கினார்.

குதிரை அவ்வளவு வேகமாக ஓடியதை நான் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணின் பெயர் சின்னம்மா. தாய் பிழைத்தாள். குழந்தையைத் திருப்பி எடுத்தபோது அதற்கு உயிர் இல்லை. ஆண் குழந்தை.

கைகழுவும் இடத்தில் நான் மெதுவாகச் சொன்னேன்: "முன்னாடியே வந்திருந்தாலும் பிழைச்சிருக்காதும்மா."

"அது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றார். "ஒரு மணி நேரம் முன்னால வந்திருந்தா உயிரோட திருப்பி எடுத்திருப்பேன்."

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். தெருவே கூடியிருந்தது. அந்த நெசவாளி, கோவிந்தன் என்று பெயர், சுவரோரம் குந்தியிருந்தார். டாக்டரம்மா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நீங்க கூப்பிட வந்தீங்க. நான் துப்பாக்கி காட்டினேன். அதனால வர நேரமாயிடுச்சி. புள்ள போனதுக்கு நான்தான் காரணம். உங்க மேல தப்பில்ல, மருத்துவச்சி மேல தப்பில்ல, சாமி மேலயும் போடாதீங்க."

கோவிந்தன் தலை தூக்கவில்லை. "நான் ஓடாம நின்னு, சம்சாரத்துக்கு வலினு சொல்லியிருக்கணும்மா. பயந்துட்டேன்" என்றார்.

"நானுந்தான் பயந்துட்டேன்" என்றார் டாக்டரம்மா.

உள்ளேயிருந்து சின்னம்மாவின் தாய் வந்தாள். "சுடாம விட்டீங்களே, அதுக்கு உங்களைக் கும்புடணுமா நாங்க?" என்று கேட்டாள்.  அந்த அம்மாள் பேசி முடிக்கும்வரை டாக்டரம்மா உட்கார்ந்தே இருந்தார். எழுந்து போய்விடலாம் என்று நான் தோளைத் தொட்டேன், கையைத் தட்டிவிட்டார்.

மறுநாள் போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லித் துப்பாக்கியை மேஜையில் வைத்தார். குண்டு வெடிக்காததற்கு எழுத ஒன்றுமில்லை என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். பத்து நாள் அது அலமாரியிலேயே கிடந்தது. பதினோராம் நாள், பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ் நிற்கும் இடத்தில் அந்த நிலக்காரரின் ஆட்கள் இரண்டு பேர் எங்கள் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் தன் இடது முன்கையைத் தடவிக் காட்டிச் சிரித்தான். அடுத்த நாள் டாக்டரம்மா பட்டையைக் கட்டிக்கொண்டார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். "கேக்காத. கட்டாம போக எனக்குத் தைரியமில்ல" என்றார். அவரைத் தைரியசாலி என்றே ஊர் இன்று பேசுகிறது. அவர் வாயால் நான் கேட்டது இதுதான்.

ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. போகிற ஊரிலெல்லாம் சொன்னார்: "என்னைக் கூப்பிட ஓடி வந்தா, டாக்டரம்மானு கத்தாதீங்க. வலியில இருக்கிற பொண்ணு பேரைக் கத்துங்க. பொம்பள பேரு கேட்டா என் கை இடுப்புக்குப் போகாது." வண்டியிலிருந்து சலங்கையைக் கழற்றச் சொன்னார். பள்ளிப்பட்டு வரைக்கும் அந்த வழக்கம் பரவியது. "முனியம்மா! முனியம்மா!" என்று கத்திக்கொண்டு ஒருவர் பின்னால் ஓடிவருவார், காதர் பாய் கடிவாளத்தை இழுப்பார், டாக்டரம்மா இரண்டு கையும் தெரியும்படி இறங்கி நிற்பார்.

இரண்டு வருஷம் கழித்துச் சின்னம்மாவுக்கு மறுபடி பிரசவம். அவர்கள் வேறு டாக்டரிடம் போவார்கள் என்று நினைத்தேன். ஒன்பதாம் மாதமே கோவிந்தன் அவளை அழைத்துவந்து எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். பெண் குழந்தை பிறந்தது. சின்னம்மாவின் தாய் குழந்தையை வாங்கிக்கொண்டாள். டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. "பேசணும்னு இல்ல" என்றார் டாக்டரம்மா பிறகு. "அந்த அம்மா வந்ததே பெரிசு."

வேலூருக்குப் போகும் முன்பு அலமாரிச் சாவியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அவர் இறந்த மூன்றாம் நாள் நானே துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். அதை வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

புது டாக்டர் வரப்போகிறார் என்பதால் பழைய பிரசவப் பதிவேடுகளை எடுத்து அடுக்கினேன். அந்த ஐப்பசிப் பக்கம் கண்ணில் பட்டது. குழந்தை இறந்ததற்குக் காரணம் எழுதும் கட்டத்தில் எப்போதும் நோயின் பெயர் இருக்கும். அன்றைய கட்டத்தில் அவருடைய கோணலான எழுத்தில் இப்படி இருந்தது: "குழந்தை குறுக்கே கிடந்தது. டாக்டர் வரத் தாமதம். தாமதத்துக்கு டாக்டரே காரணம்." கீழே முழுக் கையெழுத்து. எத்தனையோ மேலதிகாரிகள் அந்தப் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார்கள். ஒருவரும் அந்த வரி வரை படிக்கவில்லை போலிருக்கிறது.

போன வாரம் ஒரு தாய்க்குக் காய்ச்சல் ஏறியதை நான் அரை நாள் கழித்துத்தான் கவனித்தேன். பிழைத்துக்கொண்டாள். பதிவேட்டில், "நர்ஸ் கவனிக்கத் தவறியதால் சிகிச்சை தாமதம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குமாஸ்தா பதறிப்போய், "இன்னா சிஸ்டர் இது, வேலைக்கே ஆபத்து. அடிச்சிடுங்க" என்றார். அடிக்கவில்லை. டாக்டர் கமலவேணியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.