ஊர் பிடித்ததா என்று கேட்டேன்

“...மலைக்கோட்டையைப் பார்த்தாச்சு, பெருமாளைப் பார்த்தாச்சு, முக்கொம்பும் பார்த்தாச்சு. இதுல பிடிச்ச இடம் எது, பிடிக்காத இடம் எதுன்னு கேட்டா என்ன சொல்றது தம்பி...” என்று இழுத்துவிட்டு, அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

துடைக்கட்டும். நிதானமான மனிதர். அவர் முடிப்பதற்குள் அவர் யாரென்று சொல்லிவிடுகிறேன்.

துறையூர்ப் பக்கத்து விவசாயி. என் தங்கைக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் அப்பா. முதலில் அவர் மட்டும் வந்து பார்ப்பது, அவருக்குச் சரிப்பட்டால் மற்றவர்கள் நல்ல நாளில் வருவது என்று ஏற்பாடு. அறுபதுகளின் தொடக்கம் அது. பாலக்கரையில் பல குடித்தனங்கள் இருந்த ஒரு வீட்டில் ஒரு பகுதியில் அம்மா, தங்கை, நான் மூவரும் இருந்தோம்.

தங்கைக்கு இருபத்தைந்து நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் அது ஒரு வயதல்ல, ஒரு குற்றச்சாட்டு. அதற்கு முன்பு இரண்டு இடம் வந்து பார்த்துவிட்டு, “கலந்து பேசி லெட்டர் போடறோம்” என்று போயிருந்தார்கள். தபால் இலாகாவின் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. அந்த லெட்டர்கள் வராததற்கு அவர்கள் காரணமாக இருந்திருக்க மாட்டார்கள்.

வந்த இரண்டு கூட்டத்தாரையும் நான் மலைக்கோட்டைக்கு அழைத்துப் போயிருந்தேன். வெளியூர்க்காரர் வீட்டுக்கு வந்தால் மலை ஏற்றி இறக்குவது திருச்சிக்காரர்களுக்கு விதித்த கடமை. விருந்தாளி வராத வருஷம் நாங்கள் யாரும் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை. நானோ தையற்கடைகளுக்கு நூல்கண்டும் பித்தானும் விற்கிறவன். ஜில்லா முழுவதும் பஸ்ஸில் சுற்றுகிறவன். ‘இடம் பார்த்தவன்’ என்ற பெயரில் சொந்தக்காரர்களின் விருந்தாளிகளையும் என் தலையில் கட்டுவார்கள். எனக்குப் பிடித்த இடம் எதுவென்று கேட்டால் மணப்பாறை மாட்டுச் சந்தை என்பேன். அங்கே எல்லாரும் மாட்டைத்தான் பார்ப்பார்கள். நம்மை யாரும் மலை ஏறச் சொல்ல மாட்டார்கள். பிடிக்காத இடம் மலைக்கோட்டை. இரண்டு மைத்துனர்களை அந்தப் படிகளில் தொலைத்திருக்கிறேன்.

“அண்ணே, இவரையாவது மலைக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க” என்று தங்கை முதல் நாளே சொல்லியிருந்தாள்.

காலை பஸ்ஸில் வந்து இறங்கிய மனிதர், “முதல்ல மலைக்கோட்டைங்க. திருச்சிக்குப் போயிட்டு அதைப் பார்க்காம வந்தேன்னா ஊர்ல மதிக்க மாட்டாங்க” என்றார்.

அம்மா என்னிடம் வேறொரு வேலையும் ஒப்படைத்திருந்தாள். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டுச் சோற்றில் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். “கை நனைச்சாத்தாண்டா உறவு. அதுவரைக்கும் அவரும் வழிப்போக்கர், நாமளும் வழிப்போக்கர்” என்பாள் அம்மா. பெண் பிடித்ததா என்று கேட்கிற உரிமையும் பெண் வீட்டாருக்குக் கிடையாது. ஊர் பிடித்ததா என்று மட்டும் கேட்கலாம். அம்மா சொன்னபடி நான் மணப்பாறை முறுக்கை ஒரு பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டேன். ஒரு முறுக்கையாவது தின்றுவிட்டால் சகுனம் நல்லது என்பது அவள் கணக்கு.

மலை உச்சியில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து நின்றோம். கீழே காவிரி, அதற்கப்பால் ஸ்ரீரங்கம், கொள்ளிடம். எல்லாரும் அதைப் பார்த்துத்தான் ஆகா என்பார்கள்.

“துறையூர் எந்தப் பக்கம் தம்பி?”

வடக்கே கை காட்டினேன். அந்தப் பக்கமே வெகுநேரம் பார்த்தார்.

“மேகம் ஒண்ணும் காணோமே” என்றார். “எங்க கிணத்துல பாறை தெரியுது.”

ஊர் எப்படி என்று கேட்டேன்.

“பரவாயில்லைங்க. ஆனா இறங்குறதுக்குத்தானே இவ்வளவு தூரம் ஏறினோம்?”

முறுக்கை நீட்டினேன். பல் வலி என்றார். இறங்கும்போது மடியிலிருந்து வறுத்த கடலையை எடுத்து ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டே வந்தார். பல் நன்றாகத்தான் இருந்தது.

அங்கிருந்து ஸ்ரீரங்கம். தெற்கே இருந்த ராஜகோபுரம் அப்போது முடிக்கப்படாமல் அடித்தளத்தோடு நின்றது. மொட்டைக் கோபுரம் என்போம். கீழே பஸ்ஸும் மாட்டு வண்டியும் போய்வரும்.

“ஏன் பாதியில விட்டுட்டாங்க?”

தெரியாது என்றேன்.

“எங்க ஊர்லயும் ஒருத்தன் வீடு இப்படித்தான் நிக்குது. நடுவுல பொண்ணு கல்யாணம் வந்துடுச்சு. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்னு சொல்லி வச்சவன், ரெண்டையும் ஒரே வருஷத்துல பண்ணுன்னு சொல்லலை. இவங்க வீட்டுலயும் அப்படி ஏதோ நடந்திருக்கும்.”

இது என்னை நோக்கிச் சொன்னதா, கோபுரத்தை நோக்கிச் சொன்னதா என்று யோசித்தபடியே உள்ளே போனேன். சந்நிதியில் திரை போட்டிருந்தது.

“பெருமாள் தூங்குறாரா சாமி?” என்று வாசலில் நின்ற ஐயங்கார் ஒருவரிடம் கேட்டார்.

“அவர் எப்பவுமே சயனம்தான் ஓய். இப்போ திருவாராதனம் நடக்கறது. சித்த காத்திண்டிருந்தா திவ்யமா சேவிக்கலாம்.”

“இருக்கோம். வேலை இருக்கிறவங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாது.”

சேவித்துவிட்டு வந்து, அம்மாமண்டபத்துப் படித்துறையில் உட்கார்ந்து, தான் கொண்டுவந்த புளிச்சோற்று மூட்டையை அவிழ்த்தார். எனக்கும் பாதி கொடுத்தார். பெண் வீட்டான் மாப்பிள்ளை வீட்டுச் சோற்றைத் தின்னக் கூடாது என்று சட்டம் எதுவும் எனக்குத் தெரியாது. தின்றேன். நன்றாக இருந்தது. முறுக்கு என் பையிலேயே இருந்தது.

முக்கொம்பை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். காவிரி பிரிந்து கொள்ளிடமாகப் போகிற இடம். மரநிழல், காற்று, மதகுகளில் விழும் தண்ணீரின் இரைச்சல். அங்கே முகம் சுளித்த விருந்தாளியை நான் பார்த்ததில்லை. மாலை ஆறு மணிக்கு மேல்தான் பெண்ணைக் காட்ட நல்ல நேரம். அதுவரை அங்கே உட்கார வைத்து, மனிதரைக் குளிரவைத்து, வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்பது என் திட்டம்.

அவர் மதகின் மேல் நின்று தண்ணீரைப் பார்த்தார். கடலை தின்பதை நிறுத்தினார்.

“இதெல்லாம் எங்கே போகுது?”

“கொள்ளிடம் வழியா கடலுக்குங்க.”

“கடல்ல தண்ணி குறைச்சலா?”

மிச்சக் கடலையை மடியில் முடிந்துகொண்டார்.

“ஆறு நிறையத் தண்ணி போனாலும் நாய் நக்கித்தான் குடிக்கணும்பாங்க. அதுக்கு நக்கவாவது குடுத்து வச்சிருக்கு, எங்களுக்கு அதுவும் இல்லை. போலாம் தம்பி, வயித்தெரிச்சலா இருக்கு.”

வந்து கால்மணி நேரம் ஆகவில்லை. காற்று வாங்கலாம் என்றேன், பெஞ்சு இருக்கிறது என்றேன். அவர் பஸ்ஸை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அப்படித்தான் ஆறு மணிக்கு வரவேண்டியவர்கள் நாலரைக்கே பாலக்கரைக்கு வந்து சேர்ந்தோம்.

நாலரை மணி எங்கள் சந்தில் குழாயில் தண்ணீர் வருகிற நேரம். முனையில் இருப்பது ஒரே குழாய். சந்து முழுவதும் குடங்கள் வரிசையில் நிற்கும். கூட்டத்துக்கு நடுவில், பழைய புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, எண்ணெய் வழிகிற தலையோடு, இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள் என் தங்கை. அவளுக்கு முதுகுப் பக்கம் நாங்கள்.

“அக்கா, ஒரு சுத்துக்கு வீட்டுக்கு ஒரு குடம். ரெண்டாவது குடத்தை வரிசையில வைங்க.”

எதிர்வீட்டு அம்மாள் நகரவில்லை. “சாயந்தரம் உன்னைப் பார்க்க யாரோ வராங்களாமே. இப்படி வாயாடினா எவண்டி கட்டுவான்?”

“கட்டுறவனுக்கும் குடிக்கத் தண்ணி வேணும்ல. வரிசையில வைங்க.”

“புகுந்த வீட்டுக்குப் போகப் போறவளுக்கு எதுக்கடி இந்தச் சண்டை?”

“போற வரைக்கும் தாகம் எடுக்குமே அக்கா.”

குடம் வரிசைக்குப் போனது. குழாய்க்கு அடியில் தங்கை ஒரு ஈயச் சட்டியை வைத்திருந்தாள். ஒரு குடத்தை எடுத்து மறு குடத்தை வைக்கிற இடைவெளியில் சிந்துகிற தண்ணீர் அதில் விழுந்துகொண்டிருந்தது. சட்டி நிறைந்ததும் யார் குடம் குறையாக இருந்ததோ அதில் ஊற்றினாள். அப்போதுதான் திரும்பினாள், எங்களைப் பார்த்தாள். தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நான் மூன்றாவது மைத்துனரையும் மனத்துக்குள் வழியனுப்பிவிட்டேன். அவர் பரவாயில்லை என்றுகூடச் சொல்லவில்லை. சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்குத் தங்கை பட்டுப் புடவையும் கனகாம்பரமுமாக வந்து கும்பிட்டாள். அவர் நிமிர்ந்து ஒருமுறை பார்த்து, “நல்லா இரும்மா” என்றார். அதை எல்லாப் பெண்களுக்கும் சொல்வார்கள். அவள் உள்ளே போனாள். அம்மா சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றாள். வடையும் பாயசமும் ஆறிக்கொண்டிருந்தன. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது என்பதால் அவர் எழுந்திருக்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்கக்கூடியது ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. ஊர் பிடித்ததா, எந்த இடம் பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று கேட்டேன்.

அவர் முகத்தைத் துடைத்து முடித்துத் துண்டைத் தோளில் போட்டார்.

“பிடிக்காத இடம் முக்கொம்பு. அங்கேயே சொல்லியிருப்பேன், கூட்டிட்டு வந்த தம்பி மனசு நோகும்னு விட்டேன். பிடிச்ச இடம் உங்க குழாயடிங்க.”

அம்மா கதவுக்குப் பின்னால் அசைவது கேட்டது.

“எங்க வீட்டுல ஆம்பளைங்க நாலு பேரு. கிணத்தடியில தினம் பஞ்சாயத்து. இருக்கிற தண்ணி கொஞ்சம், அதுலயும் சண்டையிலேயே பாதி சிந்திப் போகுது. சட்டி வைக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணலை. எனக்குந்தான்.”

“இலை போட்டிருக்குங்க” என்றாள் அம்மா.

அவர் எழுந்தார். கதவோரம் வைத்திருந்த செம்பை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். சாக்கடைப் பக்கம் திரும்பவில்லை. தகர டின்னில் நின்ற கறிவேப்பிலைச் செடிக்கு நேராகக் குனிந்து, தண்ணீர் அதன் வேரில் விழும்படி கையை நனைத்தார்.