அலகு குத்திய கன்னத்தில் ரத்தம்

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு, தைப்பூசம் நெருங்கும் நேரத்தில் என் வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப்பல் வீங்கிவிட்டது. பினாங்கில் கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. ஆபீசில் புலி, வலி வந்தால் பச்சைப்பிள்ளை. மகன் பிறந்ததற்காக நேர்ந்துகொண்ட காவடி. விரதத்தை நடுவில் விடமுடியாது. பல்லைப் பிடுங்கவும் மாட்டேன் என்றார். மருந்துக்கடையில் ஆஸ்பிரின் வாங்கி வேளாவேளைக்கு நான்தான் கொடுத்தேன். விரத வயிறு எரிந்தது, வலி அடங்கிவிட்டது. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் அவர் கன்னத்தில் அலகு குத்தினார்கள். சுத்தமாக விரதம் இருந்தவனுக்கு ரத்தம் வராது என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. இவருக்கு வந்தது. திருநீற்றை வைத்து அழுத்தியும் நிற்காமல் மார்புவரை வழிந்தது. "வேல், வேல்" என்று கத்திக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவருடைய அக்கா கூட்டத்தின் நடுவே என் கையைப் பிடித்தாள்.

"ஏண்டி, உண்மையச் சொல்லு. தீட்டோட சோறாக்கிப் போட்டியா?"

"இல்ல அண்ணி, சத்தியமா இல்ல."

"பின்ன, சாமி சும்மாவா காட்டிக் குடுக்கும்?"

அங்கே நின்ற ஆண்கள் அத்தனை பேரும் என் சேலையையே பார்ப்பதுபோல் இருந்தது. நின்ற இடத்திலேயே மண்ணோடு மண்ணாகிவிட மாட்டோமா என்று கூசினேன். அதைவிடக் கேவலம், வீட்டுக்கு வந்து நானே நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் என்னை நான் நம்பவில்லை. அதற்குப் பிறகு தைப்பூசத்துக்கு நான் மலைப்பக்கம் போனதில்லை. யாரும் கூப்பிட்டதும் இல்லை.

கிழவியான பிறகு நெஞ்சுவலிக்கு டாக்டர் எனக்கே அந்த ஆஸ்பிரின் மாத்திரையை எழுதிக் கொடுத்தார்.

"பல்லு கில்லு பிடுங்குறதா இருந்தா முன்னாலயே சொல்லிடுங்கம்மா. ரத்தம் லேசுல நிக்காது."

விடாமல் குடைந்தேன். அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் கிளப்பும் பொருளை உடம்பே தயாரிக்கிறதாம். மாத்திரை அந்தத் தயாரிப்பைத் தடுக்கிறது. அதே தடை ரத்தத்திலும் வேலை செய்கிறது. காயத்தை அடைக்க ஓடிவரும் ரத்தத்தட்டுகள் ஒன்றோடொன்று சரியாக ஒட்டுவதில்லை. மாத்திரையை நிறுத்தினாலும் சில நாள் அப்படித்தான். முருகனுக்கும் என் அடுப்படிக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

யாரிடம் போய்ச் சொல்வது? நாத்தனார் போய்ச் சேர்ந்துவிட்டாள். என் வீட்டுக்காரரும் இது தெரிவதற்கு முன்பே போய்விட்டார். அவருடைய கடைசி நாட்களை நினைத்தால்தான் இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது. படுக்கையில் கிடந்தவர் ஒருநாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "போனது போகட்டும். அந்தக் காவடி விஷயத்துல உன்ன நான் மன்னிச்சிட்டேன்" என்றார்.

நான் அழுதுகொண்டே அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.