குணண்ணையின் குட்டிப் பம்பு

செய்தி வந்தபோது நான் சண்டிலிப்பாயில் வெங்காயத்துக்கு இறைத்துக்கொண்டிருந்தேன். என் பம்பு ஓடும்போது கைபேசி அடித்தாலும் கேட்காது, பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. திடீரென்று பம்பு நின்றது. திரும்பிப் பார்த்தால் மனைவி நிற்கிறாள். நான் உயிரோடு இருக்கும்போது என் பம்பில் கைவைத்த முதல் மனிதப் பிறவி அவள்தான். ஏசுவதற்கு வாயைத் திறந்தேன்.

"அத்தான் மோசம் போயிட்டாராம். அக்கா இப்பதான் போன் எடுத்துச் சொன்னவ," என்றாள்.

வாய்க்காலில் போய்க்கொண்டிருந்த தண்ணீர் பாதிவழியில் நின்று மண்ணுக்குள் இறங்கியது. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. சாவதிலும் மனுசன் எனக்கு முந்திவிட்டாரே என்பதுதான் முதலில் வந்தது.

இந்த நினைவுமலரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீட்டில் கையில் வாங்கி வாசிக்கும் உங்களுக்கெல்லாம் குணபாலசிங்கத்தைத் தெரியும். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். ஆகவே என் சகலன். நான் குணண்ணை என்பேன், அவர் என்னை ஐசே என்பார். கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். பேனைக்கு மை இறைத்ததைத் தவிர வாழ்நாளில் வேறெதையும் இறைத்தறியாதவர். நானோ பம்புக்குப் பேர்போனவன். வலிகாமத்தில் பம்பு வாங்குகிற எவனும் முதலில் என் படலையைத் திறந்துதான் கடைக்குப் போவான். என் பம்பைத் தொடக்கினால் கீரிமலைக் கேணியில் ஒரு சாண் தண்ணீர் குறையும் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அந்தக் கதையைக் கட்டியவனும் நான்தான்.

அப்படிப்பட்ட என் இராச்சியத்துக்குள் அவர் நுழைந்தது கனடாவிலிருந்து திரும்பிய பிறகு. மகளைப் பார்க்கப் போன இடத்தில் ஒருவன் ஏணி வைக்காமல், நிலத்தில் நின்றபடியே மூன்றாம் மாடிக் கண்ணாடியைக் கழுவுவதைக் கண்டிருக்கிறார். இழுத்தால் தென்னை உயரத்துக்கு நீளும் தடி, அதன் நுனியில் ஒரு பிறஷ், தடிக்குள்ளால் பிறஷுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் மெல்லிய குழாய். இங்கே கண்ணாடி கழுவும் தொழில் தொடங்கவென்று அதை அப்படியே பெட்டியில் கட்டிக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் பிடிக்கும் என்று ஒரு வடிகட்டியும் கொண்டுவந்தார். பம்பை மட்டும் கொண்டுவரவில்லை.

"ஐசே, உமக்குப் பம்பெண்டாத் தெரியும்தானே. இதுக்கு ஒண்டு பாத்துச் சொல்லும்," என்றார்.

அன்று நான் அடைந்த பெருமையை அளக்க வடமாகாணத்தில் நாடா இல்லை. "பாக்க என்ன இருக்கு அண்ணை? என்ரை பம்ப் இருக்கு. மூண்டாம் மாடி என்ன, முகிலுக்கே அடிக்கும்," என்றேன்.

இணுவிலில் புதிதாக எழும்பிய கலியாண மண்டபத்தின் முகப்பு முழுவதும் கண்ணாடி. அதுதான் முதல் வேலை. முதலாளி வெள்ளை வேட்டியோடு நின்று பார்த்தார். நான் என் பம்பை லான்ட்மாஸ்டர் உழவுமிசினில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கி, இரண்டங்குலக் குழாயைப் படிப்படியாக ஒடுக்கி அந்த மெல்லிய குழாயில் பூட்டித் தொடக்கினேன். அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். பிறஷ் கழன்று இரண்டாம் மதிலுக்கு அப்பால் போய் விழுந்தது உண்மை. குழாய் பாம்பாக எழும்பி முதலாளியைத் தேடித் தேடி அடித்ததும் உண்மை. ஆனால் பம்பில் பிழை இல்லை. அன்றும் சொன்னேன், இன்றும் எழுதுகிறேன். குழாய்தான் கோழை.

குணண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆறுதலாகச் சொன்னார்: "கண்ணாடி தோட்டமில்லை ஐசே. உதுக்கு நாங்கள் தண்ணி கட்டத் தேவையில்லை."

அடுத்த கிழமை அவர் யாழ்ப்பாண நகரத்துக்குத் தனியே பம்பு வாங்கப் போனார். என்னைக் கூப்பிடவில்லை. அந்தக் கடைக்கு எதிரேயுள்ள தேத்தண்ணிக் கடையில் நான் தற்செயலாக இருந்தேன். தற்செயலாக மூன்று தேத்தண்ணி குடித்தேன்.

பம்பு வாங்குகிறவன் எத்தனை குதிரைவலு என்று கேட்பான். இந்த மனுசன் ஒரு வெறும் சோடாப் போத்தலோடு வந்திருந்தார். தடியைக் கடை வாசலில் நின்று மேல்மாடி வரை நீட்டினார். காரில் இருக்கிற மாதிரி ஒரு பற்றறி, ஒரு வாளி தண்ணீர். கடைக்காரனைக் கொண்டு ஒவ்வொரு பம்பாகப் பூட்டுவித்தார். மீன்தொட்டிப் பம்பில் தண்ணீர் பாதித் தடிக்கு மேல் ஏறவில்லை. கார் கழுவுகிற பம்பு சீறியது. பிறஷிலிருந்து புகை மாதிரித் தூவல்தான் வந்தது, கழுவத் தண்ணீர் இல்லை. தெருவில் சனம் கூடிவிட்டது. ஒரு பஸ்கூட வேகம் குறைத்துப் போனது. கடைசியில் உள்ளங்கையளவு பம்பு ஒன்றைப் பூட்டினார்கள். தண்ணீர் சத்தம் போடாமல் மேலே போய், பிறஷின் மயிரெல்லாம் நனைத்து, மேல்மாடிக் கண்ணாடியில் சேலைத்தலைப்பு மாதிரி விரிந்து இறங்கியது. பிறஷைக் கீழே இறக்கிப் போத்தலைப் பிடித்தார். நிரம்பும் வரை கண்ணை மூடி எண்ணிக்கொண்டு நின்றார்.

"உது காணும், இதுக்கு மேலை தேவையில்லை," என்றார்.

"ஐயா, உது மருந்தடிக்கிற மிசினுக்குப் போடுறது," என்றான் கடைக்காரன்.

"மருந்து போற வழியாலை தண்ணி போகாதோ?"

சனம் சிரித்தது. என் தோட்டத்துக் கொட்டிலில் மிளகாய்க்கு மருந்தடிக்கும் மிசின் தொங்குகிறது. அதற்குள்ளே அதே பம்பு. பத்து வருடமாக என் முதுகில் சுமந்து திரிந்த பம்பை, கந்தோர்க் கிளாக்கர் ஒருவர் கண்டுபிடித்துக் கைதட்டு வாங்குகிறார். அன்று என் வயிறு எரிந்த எரிவில் இன்னும் மூன்று தேத்தண்ணி கொதிக்க வைத்திருக்கலாம்.

அதன் பிறகு அவர் கொடி பறந்தது. மண்டபம், வங்கிக் கட்டடம், வெளிநாட்டுக்காரர் கட்டிவிட்டுப் பூட்டிப்போன கண்ணாடி வீடுகள் எல்லாம் அவர் தடிக்குக் கீழே வந்தன. பம்பில் தண்ணீரைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று பூட்டி, சரியான இடத்தில் மகள் வீட்டில் விட்டுப்போன நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். வேலை நடக்கும் இடங்களுக்கு நான் போவேன், குறை கண்டுபிடிக்க. "கொஞ்சம் கூட்டி விடுங்கோவன் அண்ணை, கெதியா முடியும்," என்பேன்.

"தண்ணி நடந்து மேலை போகவேணும் ஐசே. ஓடினா வடிகட்டிக்குள்ளை சுண்ணாம்பை விட்டிட்டுப் போக அதுக்கு நேரம் கிடையாது," என்பார்.

வெயிலில் காய்ந்த கண்ணாடியில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று நான் எத்தனை மண்டபங்களைச் சுற்றியிருப்பேன். ஒன்றைக் கண்டேன். ஓடிப்போய்க் காட்டினேன். அது காகத்தின் வேலை.

செத்தவீட்டிலும் என்னை நிம்மதியாக அழவிடவில்லை. வந்தவர்கள் எல்லோரும் பம்பைப் பற்றியே கதைத்தார்கள். நான் செத்தால் வெங்காயத்தைப் பற்றிக் கதைப்பார்களோ என்னவோ.

எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்த பிறகு இணுவில் மண்டப முதலாளி என்னைக் கைபேசியில் எடுத்தார். கலியாணம் ஒன்று வருகிறது, கண்ணாடியெல்லாம் தூசி, செய்து தர ஒருவரும் இல்லை என்றார். குணண்ணை வீட்டுக்கு, மச்சாளிடம் போனேன். அவ பம்பையும் தடியையும் எடுத்து வைத்துவிட்டு, போகவிடாமல் வாசலில் நின்றா.

"ஆசுப்பத்திரியிலை கிடந்து சொன்னவர். 'உவர் வருவார், பம்பைக் குடும். பெரிசா மாத்த விடாதையும்' எண்டு."

நான் சிரித்தேன். பிறகு படலையைத் தாண்டி, லான்ட்மாஸ்டரில் ஏறி இருந்து, கொஞ்ச நேரம் அதைத் தொடக்காமல் இருந்தேன். சாகக் கிடந்த மனுசன், நான் வருவேன் என்று தெரிந்து வைத்திருக்கிறார். நான் என்ன செய்வேன் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மண்டபத்தில் தடியை மூன்றாம் மாடிக்கு நீட்டினேன். பம்பு வண்டு மாதிரி முரன்றது. தண்ணீர் மேலே நடந்து போனது. வெயில் ஏறிக் கண்ணாடி காய்ந்தபோது முதலாளி வந்தார். இந்த முறை தூரத்தில்தான் நின்றார். அண்ணாந்து நெடுநேரம் பார்த்தார்.

"குணபாலசிங்கத்தார் கழுவின மாதிரியே கிடக்கு," என்றார்.

வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு. அதையும் தன் பெயரில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவருடையதென்று என்னிடம் இருப்பது உள்ளங்கையளவு பம்பும், அதன் திருகில் உள்ள சிவப்புப் புள்ளியும்தான். அந்தப் புள்ளிக்கு மேலே நான் இன்னும் திருகவில்லை. சொல் கேட்கிறேன் என்று ஒருவரும் நினைக்கவேண்டாம். திருகினால், "கண்ணாடி தோட்டமில்லை ஐசே" என்று பின்னாலிருந்து சொல்ல ஆள் இல்லை. அதுதான்.