வெல்டிங்கா, கீயா

முட்டி அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு என் கணவர் மோட்டார் சைக்கிள் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாலிக் பூலாவ் மலைச்சரிவில் எங்களுக்கு ஒரு சின்ன டுரியான் பழத்தோட்டம் உண்டு. அதற்கு ஏறுகிற மண்பாதையில் மோட்டார் சைக்கிளில் சறுக்கி விழுந்துதான் முட்டியை உடைத்துக்கொண்டார்.

துறைமுகத்தில் கிராணியாகக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். தோட்டத்துக்குத் தனியாகப் போய்த் தனியாகச் சுற்றிவிட்டு வருவதுதான் அவருக்குச் சுகம். நான் பிடித்துக்கொண்டு கூட்டிப்போகிறேன் என்றேன்.

"தொணைக்கு ஆள் வச்சிப் போற தோட்டம் எனக்கு எதுக்கு? வித்துடலாம்," என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் ஜார்ஜ் டவுன் ஃபிளாட்டில் சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்வதையே விட்டுவிட்டார். குழம்பில் உப்பே போடாமல் வைத்துப் பார்த்தேன். பேசாமல் சாப்பிட்டார். எனக்குப் பயம் வந்துவிட்டது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புதான் என் வேலை. சங்கிலியும் பல்சக்கரமும் எனக்கு அடுப்படிச் சாமான் மாதிரி. மலை ஏற நாலு சக்கர வண்டி ஒன்று நானே கட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். புக்கிட் மெர்தாஜாமில் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன் வண்டியின் இரும்புச் சட்டத்தை அடித்துக் கொடுத்தார். ஜுருவில் பழைய சக்கரங்களும் மோட்டார் சைக்கிள் எஞ்சினும் கிடைத்தன. சங்கிலி மாட்டும் பல்சக்கரத்தைப் பின் அச்சில் எப்படிப் பொருத்துவது என்பதில்தான் சண்டை.

பட்டறை அண்ணன் வெல்டிங் என்றார். என் கணவரும் வெல்டிங் என்று ஒற்றைக்காலில் நின்றார். இன்னொரு காலில்தான் நிற்க முடியாதே. நான் கீ என்றேன். அது ஒரு சின்னச் சதுர இரும்புத் துண்டு. அச்சிலும் பல்சக்கரத்திலும் பள்ளம் வெட்டி நடுவில் செருகினால் இரண்டும் சேர்ந்து சுற்றும். வேரிலோ கல்லிலோ சக்கரம் மாட்டினால் முதலில் அந்தத் துண்டு உடையும், அச்சும் சங்கிலியும் தப்பும். சுத்தியால் தட்டிப் புதுசைப் போட்டுக்கொள்ளலாம். வெல்டிங் சூடு பட்ட அச்சு அந்த இடத்திலேயே ஒருநாள் முறியும். அப்புறம் சக்கரம் ஒரு பக்கம் போகும், இவர் ஒரு பக்கம் போவார்.

"ஒடையட்டும்னே ஒரு சாமானை வைப்பியா?"

"ஆமாங்க. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க."

பிரேக் தட்டை மட்டும் பல்சக்கரத்தோடு சேர்க்காமல், அச்சில் வேறு இடத்தில் கெட்டியாகப் பூட்டச் சொன்னேன். கீ உடைந்தாலும் பிரேக் பிடிக்க வேண்டும். பட்டறை அண்ணன் என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், "அக்கா சொல்றதையே செஞ்சிருவோம் லா" என்று முடித்துவிட்டார்.

கீ வாங்கிவர என் கணவரை அனுப்பினேன். சாமான் கடைக்காரரிடம் மலாயில் சாவிக்குச் சொல்கிற 'குஞ்சி' என்று கேட்டிருக்கிறார். கையகலப் பூட்டு ஒன்று சாவியோடு வந்து சேர்ந்தது. மலையில் வண்டியை எவனாவது தள்ளிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று அவருக்கு அதில் நியாயமும் இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு நானே போய் வாங்கி வந்தேன்.

வண்டி தயாரானதும், முதல் தடவை அவர் தனியாகத்தான் ஏறுவேன் என்றார். நான் அடிவாரக் கொட்டகையில் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். செங்குத்தான வளைவு வந்திருக்கும், 'டக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் சும்மா அலறிவிட்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் போன் வந்தது.

"கீ ஒடஞ்சிருச்சு. பிரேக் புடிச்சிருச்சு. நீ மேல வா."

சுத்தியையும் புதுக் கீயையும் எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே ஏறினேன். திட்டாமல் போயிருந்தால் அழுதிருப்பேன். பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கிரீஸ். குனிந்து பார்த்தேன். பள்ளத்தில் புதுக் கீ ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. போகும்போதே ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

"அதான் மாத்திட்டீங்களே. அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?"

கிரீஸ் கையைப் புல்லில் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"மாத்திட்டேன். ஏறி உக்காரத்தான் பயமா இருக்கு. நீ பின்னால உக்காரு."

பழக்கூடை வைக்கிற தட்டில் ஏறி உட்கார்ந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். சரி என்று எஞ்சினைக் கிளப்பினார்.